நாரைக்கு முகம் காட்டாத பெண்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலி அம்மாள் போனில் புலம்பியதைக் காதால் திருடினேன். "காலேஜுக்கு அனுப்பினா, இப்போ ஒரு பறவைக்கு அம்மாவா இருக்காளாம். அதுக்கு ஒரு டிகிரியாம்." என் பல்வலி போன இடம் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனியில் அந்தப் பறவைகள் மையம் ஒரு கனவைப் போல

வேண்டாம். பனி வந்தாலே வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். மகள் விலங்குப் பாதுகாப்பு படிக்கிறாள், கடைசி வருடம். பயிற்சிக்காக ஒரு வளர்ப்பு மையத்தில் தாயில்லாத நாரைக் குஞ்சு ஒன்றை அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அது மனித முகத்தைப் பார்க்கவோ குரலைக் கேட்கவோ கூடாது. மனிதர்களிடம் பழகிவிட்டால் வேட்டைக்காரன் பின்னாலும் போய் நிற்கும். ஆகவே அவள் தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கியைப் போர்த்தி, ஒரு கையில் நாரைத் தலைப் பொம்மையை மாட்டி, அதன் அலகால் மீன் ஊட்டுகிறாள். நாரை காட்டுக்குப் போனால் அவளுக்கு அந்த மையத்திலேயே வேலை. பழகிவிட்டால் அதற்கு ஆயுளுக்கும் கூண்டு, இவளுக்குச் சித்தப்பாவின் டைல்ஸ் கடை.

(என் தலைவலி வேறு. நாயகி வாயே திறக்கக் கூடாது. உரையாடலை வைத்தே காலம் தள்ளுகிற எனக்கு வாய்த்தவளைப் பாருங்கள்.)

3

அதனால்தான் அம்மாவை மையத்துக்கு வரவழைத்தேன். நிஜத்தில் போனாரா, தெரியாது. என் கதையில் மகளைக் கையோடு கூட்டிப்போக வருகிறார். மேலாளர் அவருக்கும் ஒரு அங்கியை மாட்டி, மூச்சு விடலாம், பேசக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே இரண்டு வெள்ளை அங்கிகள் நின்றன. மகள் என்று நினைத்து, அங்கிக்குள் இருந்த வேறு யாரோ ஒரு பையனை அம்மா வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

குஞ்சு மீனைத் துப்பியது. அம்மா பொம்மையைப் பிடுங்கித் தானே ஊட்ட, குஞ்சு சமர்த்தாக

அந்த வரியை அடித்துவிட்டேன். அம்மா வந்ததும் எல்லாம் சரியாவது சினிமாவில்தான். துப்பிய மீன் அம்மாவின் அங்கியில் விழுந்தது. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. வெளியே வந்துதான் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டினார். ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

4

குஞ்சு வளரும்வரை எனக்குப் பொறுமையில்லை. இந்த வரியில் வளர்த்துவிட்டேன். கடைசிச் சோதனை: அங்கியில்லாத ஒரு மனிதர் எதிரே நடக்க வேண்டும், நாரை பயந்து பறக்க வேண்டும். மேலாளர் அவளையே போகச் சொன்னார். நாரைக்கு அவள் நடை தெரியுமாம், அவளுக்கே பயந்தால்தான் யாருக்கும் பயப்படுமாம். அம்மாவும் வேலியோரம் வந்து நின்றார்.

"பறந்துடணும்மா. பறந்தாத்தான் வேலை."

"உன்னைப் பார்த்தா பயப்படணும்?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்குடி அழறே?"

மகள் அங்கியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

5

முடிவு ஒன்று: நாரை பறக்கிறது. வேலை கிடைக்கிறது. அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள்.

முடிவு இரண்டு: நாரை ஓடிவந்து அவளுடைய வெறும் கையில் மீன் தேடுகிறது. ஒரு நொடி அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுதினேன். அடுத்த நொடியை எழுத மனசு வரவில்லை.

இரண்டையும் கிழித்துப் போட்டாயிற்று. அவள் நடக்கிறாள். நாரை தலையை நிமிர்த்திப் பார்க்கிறது. அம்மா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

"நான் இப்போ என்னன்னு வேண்டிக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. படித்துக்கொண்டே வந்த நீங்கள் மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டிருப்பீர்கள். அதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.