திரைக்கு வெளியே நீட்டிய கை

என் வீட்டுக்காரர் ஜெகபர் அலிக்கு வெளுத்ததெல்லாம் பால். வளையல் வியாபாரி. தோளில் மூட்டையோடு தினமும் காவேரிப் பாலத்தை நடந்தே தாண்டி, ஸ்ரீரங்கத்துத் தெருக்களைச் சுற்றிவிட்டு, நடந்தே திரும்புவார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சோப்பு நுரை தடவி வளையல் ஏற்றி ஏற்றி அவர் கையே பெண் கை போல வழவழவென்று ஆகிவிட்டது. நாற்பது வயதில் மாடு மாதிரி உடம்பு. புத்தி மட்டும் பச்சைப்பிள்ளை புத்தி.

அந்த டாக்டர் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் வாயைக் கழுவ வேண்டும். முப்பத்தெட்டாம் வருஷம் எங்கள் தெருவே அவரைக் கொண்டாடியது. எங்கள் வீடுகளில் பெண்களுக்கு உடம்புக்கு வந்தால் நடுவில் திரை கட்டுவார்கள். உள்ளேயிருந்து கையை மட்டும் நீட்டுவோம். அவர் வெளியே உட்கார்ந்து நாடி பார்ப்பார். முகத்தைக் காட்டச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காகவே தங்கமான மனுஷன் என்று பெயர்.

என் மாமியாருக்கு வந்தது வெறும் சளி. அன்று காலையில்கூட இரண்டு இடியாப்பம் தின்றுவிட்டு, தேங்காய்ப்பால் போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டார். டாக்டர் நாடியைத் தொட்டார். "இதயம் ரொம்ப வீக்" என்றார், ஊசி போட்டார். ஒரு மணி நேரத்தில் மாமியார் மவுத்தாகிவிட்டார். கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார் டாக்டர்.

திரைக்கு வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. உள்ளே இருட்டில் இருப்பவளுக்கு வெளியே நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதபோது நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். பிடித்த பாட்டைக் கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். இவர் நம்பவில்லை.

"எங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த மனுஷனைப் போய்! உன் நாக்கு அழுகிடும் சாரா."

அடுத்த ஆறு மாதத்தில் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் அதே ஊசியில் போனார்கள். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. இவர் யாரைக் கூப்பிடுவார்? அவரைத்தான். எனக்குக் காய்ச்சல் இறங்கி, பசி வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் வந்து நாடியைத் தொட்டார். "இதயம் வீக். நாளைக்கு ஊசி" என்றார்.

யா அல்லா! அன்று நான் ஆடிய ஆட்டத்தில் வீடு இரண்டுபட்டது.

"நாளைக்கு என் வளையலைப் போட்டுக்கிட்டு எனக்குப் பதிலா உங்க கையை நீட்டுங்க. உங்க நாடியைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னார்னா நான் வாயே திறக்கல, ஊசி போட்டுக்கறேன். இல்லாட்டி இப்பவே எனக்குக் கபர் தோண்டச் சொல்லிடுங்க."

"ஆம்பளைக்கு வளையலா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று கத்தினார். கத்திக்கொண்டே கையை நீட்டினார். முழங்கைவரை ரோமத்தை மழித்தேன், மருதாணி வைத்தேன், என் கை வளையல்களையே ஏற்றிவிட்டேன். எத்தனை ஆயிரம் பெண்களுக்கு வளையல் போட்டவர்! தனக்குப் போடும்போது மட்டும் "மெதுவா, மெதுவா" என்று முனகினார்.

மறுநாள் மதியம், பக்கத்து வீட்டு ஜட்கா வண்டிக்காரர் ஹனீஃபா டாக்டரை அழைத்து வந்தார். "அண்ணன் வியாபாரத்துக்குப் போயிருக்காருங்க" என்றார், நான் சொல்லி வைத்தபடி. திரைக்குள் நாங்கள் இருவரும் இருந்தோம். கை வெளியே போனது. இவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார்.

டாக்டர் மணிக்கட்டில் விரலை வைத்தார்.

"நேத்தைவிட மோசம். நாடியே கிடைக்கல. இப்பவே ஊசி போட்டாகணும்."

இவர் முகத்திலிருந்த சிரிப்பு போன விதத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. துடைக்கிற பஞ்சு தோலில் பட்டது. ஊசி கிட்டே வந்தது. வளையல் போட்ட அந்தக் கை திரும்பி டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிடியில் என் வளையல்கள் படபடவென்று நொறுங்கின. திரை கிழிந்து விழுந்தது.

"தினமும் ரெண்டு தடவை காவேரியைத் தாண்டுற இதயம் டாக்டர் இது. எங்க அம்மாவுக்கும் இதையேதானே சொன்னீங்க?"

டாக்டர் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தார். ஹனீஃபா அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். போலீஸ் வந்தது. நாலு பேரைக் கொல்லுகிற அளவு மார்பியா மருந்து அந்த ஊசியில் இருந்ததென்று பின்னால் கோர்ட்டில் சொன்னார்கள்.

எல்லோரும் போன பிறகு இவர் கையிலிருந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

"அம்மா ஊசி வேணாம்னாங்க சாரா. நான்தான் அவங்க கையை நீட்டி வச்சுப் பிடிச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அழுகைதான் வந்தது.

"நான் சொன்னதை நீங்க நம்பவே இல்ல. ஆனாலும் எனக்காக வளையல் போட்டுக்கிட்டுக் கையை நீட்டுனீங்களே. அந்தக் கைதாங்க என்னைக் காப்பாத்துச்சு."

எழுந்தார். மூட்டையைப் பிரித்து, என் அளவுக்குப் பச்சை வளையல் ஒரு டஜன் எடுத்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வளையலை ஏற்றவில்லை. இரண்டு விரலை என் நாடியில் வைத்து, அது அடிப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.