இல்மாவின் வட்டம்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, லோர்னா பிரெலெஸ்னிக் வண்டியில் உட்கார்ந்து எஞ்சின் சூடேறக் காத்திருந்தபோது கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கெர்மிட் சாரி. பனிச் சறுக்குவண்டி இழுக்கிற நாய்களை வளர்க்கும் ஆர்வோ லாஹ்தியின் பக்கத்து வீட்டுக்காரர். ஆர்வோ இங்கே லோர்னாவுக்குப் பக்கத்து இருக்கையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள முந்தின நாள் டவுனுக்கு வந்தவர். புயலில் சாலையை மூடிவிட்டதால் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். அவரை வீட்டில் கொண்டுபோய் விடத்தான் லோர்னா கிளம்பியிருந்தாள்.

"அந்தப் பல்லு போன கிழவன் பக்கத்துல இருக்கானா?" என்றார் கெர்மிட். "கவலப்படாம வரச் சொல்லு. நாய்ங்களுக்கெல்லாம் நேத்து சாயங்காலமே கஞ்சியும் கொழுப்பும் ஊத்திட்டேன். வைக்கோல் அள்ளிப் போட்டுட்டேன். ஒண்ணுகூட பட்டினி இல்ல."

ஆர்வோ வீங்கிய வாயால் ஏதோ நன்றி போல முனகினார்.

"அப்புறம் டேய், உனக்கு மூளை கீளை இருக்கா? ஒரு நாய சமையக்கட்டுல விட்டுட்டுப் போயிருக்க. அடுப்புப் பக்கத்துல மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குது. இந்தக் குளிருல உள்ள வச்சா அதோட முடி என்னத்துக்கு ஆகும்? வெளிய கூட்டிட்டுப் போய் அதோட எடத்துல கட்டிட்டேன். உன் கிழநாய் இல்மாவுக்குப் பக்கத்துல ஒரு கம்பம் காலியாத்தான இருந்துச்சு!"

லோர்னா கைப்பேசிப் பக்கம் குனிந்தாள். "கெர்மிட், அதுக்கு முடி எப்படி இருந்துச்சு? குட்டையாவா?"

"குட்டைதான். இப்ப ஓடுற நாய்ங்கள்ல பாதிக்கு அப்படித்தானேம்மா இருக்கு? வெளிய இருந்து உள்ள போனதும் என் கண்ணாடியில ஆவி படிஞ்சிடுச்சு. எனக்கு என்ன சரியாவா தெரிஞ்சுது? அது மேல ஏதோ சட்டை மாதிரி ஒண்ணு இருந்துச்சு, தண்ணிப் பாத்திரத்துல பொரண்டு ஈரமா. அதையும் உருவிட்டேன்."

ஆர்வோ கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். அதற்குள் லைன் அறுந்தது; திரும்பத் திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை.

கெர்மிட்டைத் திட்டவும் முடியாது. அந்த ஏரிக்கரையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சறுக்குவண்டி இழுக்கிற நாய் குளிர்காலத்தில் வெளியே என்றால் முழுக்க வெளியே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அடுப்படியில் படுக்க வைத்தால் முடியில் இருக்கிற பனி உருகி, மறுபடி வெளியே போனதும் உறைந்து, நாய் கெட்டுப்போகும். ஓட்டப் பருவத்தில் நாயை வீட்டுக்குள் விடுகிறவனை அங்கே மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

ஆனால் ஆர்வோவின் அடுப்படியில் கிடந்த ஹேசல் வண்டி இழுக்கிற நாய் இல்லை. முயல் துரத்தப் பிறந்த ஜாதி. வயிற்றில் முடியே கிடையாது, தோல்தான். போன குளிர்காலத்தில் ஆள் காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டின் பின்னால், சங்கிலியோடு உறைந்துகொண்டிருந்ததை லோர்னாதான் அறுத்து எடுத்து வந்தாள். காது நுனிகள் இரண்டும் அப்போதே போய்விட்டன. வண்டியில் தன் ஜாக்கெட்டுக்குள் அதைச் சொருகிக்கொண்டு, "இனிமே உன்ன ஒருத்தனும் குளிருல கட்ட மாட்டான்டீ கண்ணு, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து நாளைக்கு முன்னால் நாய்க் காப்பகத்தில் பாய்லர் வெடித்தது. இருக்கிற நாய்களையெல்லாம் வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆர்வோவின் சமையலறைதான் ஊரிலேயே சூடான சமையலறை என்று பார்த்துப் பார்த்து ஹேசலை அங்கே விட்டதும் அவள்தான்.

இரவு மைனஸ் முப்பத்தைந்து. அதற்கு மேல் காற்று வேறு.

"நான் அவன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் ஆர்வோ. வீங்கிய வாயில் பாதிச் சொல் காற்றாகப் போயிற்று. "போன்ல மத்த நாய்ங்களப் பத்தி எல்லாம் சொன்னேன். இது வீட்டுக்குள்ளதான இருக்குன்னு விட்டுட்டேன்."

லோர்னா வண்டியைக் கிளப்பினாள். பனி தள்ளும் லாரி முன்னால் போக, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் போகவும் வழியில்லை. லாரியோ மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது. அவள் ஸ்டியரிங்கைக் குத்தினாள், ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினாள். ஆர்வோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லோர்னா மாவட்ட விலங்கு அதிகாரி. குளிர்காலம் பிறந்தால் அவளுக்கு வருகிற அழைப்பெல்லாம் ஒரே ரகம். எதிர் வீட்டு நாய் வெளியே கிடக்கிறது, பெட்டிக்குள் வைக்கோல் இல்லை, தண்ணீர் கல்லாகிவிட்டது, இரண்டு நாளாய்க் குரைக்கவே இல்லை. குரைக்கவே இல்லை என்று வருகிற அழைப்புக்குத்தான் அவள் பயப்படுவாள். அப்படிப்பட்ட வீடுகளில் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் மறுமுனையில் விறகுக்கட்டை போல ஒன்று வரும். அதைப் போர்வையில் சுற்றி வண்டியில் வைத்துவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும். பழகிப் போயிருக்கும் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். பழகவே இல்லை.

ஆர்வோவின் நாய்களைப் பற்றியும் ஆண்டுதோறும் புகார் வரும், பெரும்பாலும் கோடை வீட்டுக்காரர்களிடமிருந்து. 'அவ்வளவு நாய்களும் பனியில் கிடக்கின்றன, மேடம்!' அவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி, பனிக்குள் குழி பறித்துப் படுத்தால் கதகதப்பு என்று போனில் நூறு தடவை விளக்கியிருக்கிறாள். அப்படிப் படுத்திருப்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. புயல் முடிந்த காலையில் அவளுக்கு வேறு வேலை இருக்கும்.

ஆர்வோவின் வீட்டு வாசலில் கெர்மிட் சாரி மண்வெட்டியோடு நின்றார். லோர்னாவின் முகத்தைப் பார்த்ததுமே அவருடைய முகம் தொங்கிவிட்டது.

"என்னம்மா ஆச்சு? ஏன் போனைப் பட்டுன்னு வச்சுட்ட?"

"அது வீட்டு நாய், கெர்மிட். காப்பகத்து நாய்."

கெர்மிட் மண்வெட்டியைப் பனியில் ஊன்றினார். ஊன்றிய கையை எடுக்கவில்லை.

மூன்று பேரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்கள். அங்கே நாய்களே இல்லை.

நாய்கள் கட்டுகிற திடல் முழுவதும் ஒரே வெள்ளை. மரப்பெட்டிகளின் கூரை நுனியும் கம்பங்களின் தலையும் மட்டும் அங்கங்கே தெரிந்தன. ஒரு காலடித் தடம் இல்லை. ஒரு முனகல் இல்லை. சூரியன் காட்டுக்கு மேலே ஏறி, தன் இரண்டு பக்கமும், காற்றில் மிதக்கும் பனித்துகள் காட்டுகிற இரண்டு போலிச் சூரியன்களை வைத்துக்கொண்டு நின்றது. காற்று நின்றுபோயிருந்தது. தன் மூச்சு உறைந்து காலரில் உதிர்கிற சத்தம் லோர்னாவுக்குக் கேட்டது. இத்தனை உயிர்கள் இருந்த இடத்தில் இத்தனை அமைதியை அவள் கேட்டதே இல்லை. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தாள்.

"விசில் அடிடா" என்றார் கெர்மிட்.

ஆர்வோ உதட்டைக் குவித்தார். காற்றும் எச்சிலும்தான் வந்தன. அவர் கெர்மிட்டைப் பார்க்க, கெர்மிட் கொட்டகைக்கு ஓடிக் கஞ்சி வாளியை எடுத்து வந்து மண்வெட்டிப் பிடியால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

தரை வெடித்தது.

அங்கே, இங்கே, அவள் காலுக்கு அருகில், பனி பிளந்து பிளந்து நாய்கள் எழுந்தன. கறுப்பு, சாம்பல், செம்பட்டை. ஒவ்வொன்றும் எழுந்து உடம்பை உதற, திடல் முழுக்க வெள்ளைத் தூள் பறந்து வெயிலில் மினுங்கியது. ஒவ்வொன்றின் முதுகிலிருந்தும் ஆவி எழுந்தது. வாய்களைத் திறந்து எல்லாமாகச் சேர்ந்து கத்தத் தொடங்கின. பசிக்கிறது, விடிந்துவிட்டது, எங்கே ஓடலாம் என்கிற கத்தல். லோர்னாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாவை எதிர்பார்த்து வந்தவள் முன்னால் இத்தனை உயிர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் மனம் எப்படித் தாங்கும்? கண்ணில் வந்த நீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் தேய்த்து விடுவித்துக்கொண்டு ஹேசலைத் தேடினாள்.

ஹேசல் இல்லை.

கடைசி வரிசையில் இரண்டு கம்பங்களைச் சுற்றி மட்டும் பனி அசையாமல் கிடந்தது. ஒன்று ஹேசலைக் கட்டிய கம்பம். மற்றது இல்மாவுடையது.

"இல்மாவும் எழுந்திருக்கலையே" என்றார் ஆர்வோ. பன்னிரண்டு வருடம் அவருடைய வண்டியின் முன்னால் ஓடிய கிழநாய் அது. "அது எழுந்திருக்காம இருந்ததே இல்ல."

"ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிச்சோ என்னவோ" என்று சொல்லிவிட்டுக் கெர்மிட் வாளியைக் கீழே போட்டார். "ஐயோ, நான் அதுக்குப் பக்கத்துலயா கட்டினேன்? அதோட வட்டத்துக்குள்ள கால வச்ச ஒருத்தனையும் அது விட்டதில்லையே! போன வருஷம் அந்தச் செம்பட்டையோட காதக் கிழிச்சுதே!"

அந்த ஊரில் ஒவ்வொரு நாய்க்கும் சங்கிலி சுற்றுகிற அளவுக்கு ஒரு வட்டம். பக்கத்து நாய்கள் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்துகொள்ளட்டும் என்று இரண்டு வட்டங்களும் ஓரத்தில் தொடுகிற மாதிரிதான் கம்பம் நடுவார்கள். இல்மா யாரோடும் முகர்ந்துகொண்டதில்லை. அதனால்தான் பக்கத்துக் கம்பத்தைக் காலியாக விட்டிருந்தார் ஆர்வோ.

லோர்னா இடுப்பளவு பனியில் நீந்துவது போலப் போனாள். ஹேசலின் சங்கிலியைப் பிடித்து உயர்த்தினாள். அது கம்பத்திலிருந்து இல்மாவின் பக்கமாக விறைத்துப் போய்ப் பனிக்குள் இறங்கியது. இல்மாவின் சங்கிலியும் எதிர்ப்பக்கமிருந்து வந்து அதே இடத்தில் இறங்கியது. இரண்டு வட்டமும் தொடுகிற இடம். இழுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இழுத்தால் மறுமுனையில் என்ன வரும் என்று அவளுடைய கைகளுக்குத் தெரியும்.

மண்டியிட்டாள். முகத்தைப் பனிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்போதுதான் பார்த்தாள். பனியில் ஒரு துளை, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு. விளிம்பெல்லாம் ஊசி ஊசியாக உறைபனி. அந்த ஊசிகள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன.

கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் துளைமேல் வைத்தாள். சூடாக, ஈரமாக, நாய் வாடையோடு ஒரு மூச்சு அவள் கையில் பட்டது.

"இருக்கு" என்றாள். "ஆர்வோ, இருக்கு!"

மண்வெட்டி வேண்டாம் என்று மூவரும் கையாலேயே தோண்டினார்கள். முதலில் இல்மாவின் சாம்பல் நிற முதுகு தெரிந்தது. அடுத்து தலை. அது தலையை உயர்த்திப் பல்லைக் காட்டி உறுமியது. மூன்று பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள்.

வளைந்து படுத்திருந்த இல்மாவின் வயிற்று வளைவுக்குள், பனிச் சுவர் சுற்றிலும் வழுவழுவென்று உருகி மெழுகினது போலிருந்த அந்தக் குழியில், ஹேசல் சுருண்டு கிடந்தது. கண் திறந்திருந்தது. லோர்னாவைப் பார்த்ததும் அரைக் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்தன.

ஆர்வோதான் அதைக் கவனித்தார். "வாலப் பாரு" என்றார் மெதுவாக.

குளிரில் படுக்கிற நாய் வாலை வளைத்துத் தன் மூக்கின்மேல் போட்டுக்கொள்ளும். குட்டியிலிருந்தே, யாரும் சொல்லித் தராமலே அப்படித்தான். இல்மாவின் அடர்ந்த வால் ஹேசலின் முகத்தின்மேல் கிடந்தது. இல்மாவின் மூக்கு இரவு முழுவதும் திறந்தே இருந்திருக்கிறது. கறுப்பாக இருக்க வேண்டிய மூக்கு நுனி வெள்ளையாகச் செத்துக் கிடந்தது.

கெர்மிட் தொப்பியைக் கழற்றினார். மைனஸ் முப்பதில் தொப்பியைக் கழற்றுகிற ஆள் இல்லை அவர்.

"இல்மா" என்று ஆர்வோ கூப்பிட்டார். "அது லோர்னாதான். விடும்மா. விடு."

லோர்னா நகரவில்லை. இருபது வருடமாக நாய்களைக் குளிரிலிருந்து எடுத்துப்போகிறவள். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இப்போது கையை நீட்டாமல், உறைகிற விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கிழநாயின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இல்மா அவளை வெகுநேரம் பார்த்தது. பின்பு வாலை எடுத்துக்கொண்டது.

ஹேசலைச் சங்கிலியிலிருந்து கழற்றி ஜாக்கெட்டுக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு லோர்னா எழுந்தாள். உள்ளே அது வெடவெடவென்று நடுங்கியது. நடுங்குகிற நாய் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும். சங்கிலி போகிற தூரம் வரை இல்மா பின்னாலேயே வந்து, விளிம்பில் நின்று அவர்களைப் பார்த்தது. ஆர்வோ போய்க் கொக்கியைக் கழற்றிவிட்டார்.

அது படியேறி வந்தது. ஆர்வோவின் வீட்டுப் படியில் அந்த நாய் கால் வைத்ததே இல்லை. லோர்னா ஹேசலை அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கிப் போர்வையால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நகங்கள் தரையில் தட்ட உள்ளே நுழைந்து, ஹேசலின் காது, வயிறு, நான்கு பாதங்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் முகர்ந்தது. மூக்குக்குக் களிம்பு தடவ ஆர்வோ நீட்டிய கையைப் பொறுத்துக்கொண்டது. கெர்மிட் இறைச்சித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடுத்துக்கோ தாயி. என் தப்பு, தாயி."

இல்மா அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் திரும்பி, வந்த வழியே வெளியே போயிற்று.

லோர்னா கதவருகே வந்து பார்த்தாள். அது நேராகத் தன் கம்பத்துக்குப் போய், கலைந்து கிடந்த பனியில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்து, வாலை எடுத்துத் தன் மூக்கின்மேல் போட்டுக்கொண்டது.

திறந்த கதவு வழியாக வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கதவைச் சாத்து என்று யாரும் சொல்லவில்லை.