ரேடியோ பார்க்காத முட்டி

எலும்பு டாக்டரைப் பார்க்க நாள் கிடைத்ததே பெரும்பாடு. மாதக்கணக்கில் காத்திருந்து, அந்த நாள் நாளைக்குக் காலை என்று வந்து நின்றபோது மடிப்பக்காவுக்கு அலுப்புதான் வந்தது. வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மடிப்பக்கா என்ற பேர் ஓட்டல் சலவைப் பிரிவில் வைத்தது. மூலைக்கு எலாஸ்டிக் போட்ட விரிப்பைக் கொடுத்தாலும் புதுப் புத்தகம் மாதிரி மடித்து அடுக்கிவிடுவாள். பெரிய விரிப்பென்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். கொஞ்ச காலமாக இவள் நடப்பதில்லை. நின்ற இடத்திலேயே நிற்பாள். ஜோடி சேர்ந்து வேலை செய்கிற நெட்டச்சி இவள் பங்குக்கும் நடந்து வந்து முனையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். நெட்டச்சி ஏன் என்று கேட்டதும் இல்லை, இவள் சொன்னதும் இல்லை.

வலது முட்டி. உள்ளே தேய்ந்துபோய்விட்டது என்று எக்ஸ்ரே எடுத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனா, மாத்திரையிலேயே ஓட்டுவதா என்று நாளைக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும். மடிப்பக்காவுக்கு ஆபரேஷன் பண்ணிக்கொள்ள ஆசை. ஆசை என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அதுதான் உண்மை.

பயமெல்லாம் அவள் வீட்டுக்காரருக்குத்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். வாய் ஓயாமல் பேசுவதால் அங்கே எல்லோருக்கும் அவர் ரேடியோ. கூட வேலை பார்த்த ஒருவர் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு இன்னமும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து ரேடியோவுக்குக் கத்தி என்றாலே உள்ளங்கை வேர்த்துவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் பேசுவது அவர்தான். இவளுக்குக் காய்ச்சல் என்றாலும், "எங்களுக்கு நேத்துலேருந்து உடம்பு சுடுது சார்" என்பார். நாளைக்கும் லீவு போட்டுவிட்டு வருகிறார். அவர் பேசி முடிக்கும்போது ஆபரேஷன் என்ற பேச்சே எழாது என்று அவளுக்குத் தெரியும்.

மகள் உள்ளறையிலிருந்து ஒரு பெரிய பையோடு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாண வயது வந்தும் வீட்டில் பாப்பாதான்.

"ம்மா, எக்ஸ்ரே வெச்சாச்சு. மாத்திரை அட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டாச்சு. எந்த பேன்ட் போடப் போற?"

"அந்த நீலம்."

"அது இறுக்கம்மா. முட்டிக்கு மேல சுருட்ட வராது. டாக்டர் உன் கணுக்காலப் பார்த்தா ஆபரேஷன் பண்ணுவாரு?"

"ஆபரேஷன்னு யாருடி சொன்னா?" என்று ரேடியோ அடுத்த அறையிலிருந்தே கத்தினார். "எண்ணெய் போட்டா ஓடுற வண்டிக்கு யாராச்சும் இன்ஜினைக் கழட்டுவாங்களா?"

"செருப்பும் பழசையே போடும்மா. எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பார்ப்பாங்களாம்."

"பிஞ்ச செருப்போடயா டாக்டர்கிட்ட போவாங்க? நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்!" இதுவும் ரேடியோதான்.

சாப்பிட்டு முடித்ததும் பாப்பா ஒரு கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள். "நான்தான் டாக்டர். சொல்லுங்கம்மா, எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"நல்லா நடப்பா சார்," என்றார் ரேடியோ. "கடைவீதி வரைக்கும் போய்ட்டு கையில பையோட வருவா."

"நான் பேஷண்ட்டைக் கேட்டேன்."

"பேஷண்ட்டோட புருஷன் நான். கட்டின நாள்லேருந்து பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

"சரி, படி ஏறுறது?"

"ஏறுவா. கம்பியப் பிடிச்சுக்குவா, அவ்வளவுதான். நானும்தான் பிடிச்சுக்கறேன், என்னை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"காலைல எந்திரிச்சதும் எப்படி இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. நான் கண்ணு முழிக்கும்போது அடுப்புகிட்ட ஜம்முனு நின்னு காபி போட்டுட்டு இருப்பா."

பாப்பா அம்மா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா."

மடிப்பக்கா வாயைத் திறந்தாள். "பரவாயில்ல," என்றுதான் வந்தது.

பாப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "நாளைக்கும் இதையே சொன்னீன்னா மாத்திரைய எழுதிக் கொடுத்து அனுப்பிடுவாங்க. திரும்ப எப்பக் கூப்பிடுவாங்களோ."

ரேடியோ பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அவருக்குத் தெரிந்த முட்டி அதுதான். அவர் எழுவதற்கு வெகு முன்பே இவள் எழுந்துவிடுவாள். அந்த நேரத்தில் கால் மடங்காது, நீளாது. பீரோவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து நடந்து முட்டியைத் தளர்த்துவாள். விருந்தாளி வருவதற்குள் வீட்டைக் கூட்டி வைப்பது போல. முதலில் அவர் தூக்கம் கெட வேண்டாம் என்று செய்தது. அப்புறம் அவர் பயத்துக்காக. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அன்றைக்குப் படுக்கும் முன் அவள் போனில் தன் அலாரத்தை நிறுத்தினாள். அவருடைய அலாரம் மட்டும் இருந்தது.

அலாரம் இல்லாமலே வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. எழவில்லை. ஒன்றுக்கு வந்தது, அடக்கிக்கொண்டு கிடந்தாள். திருட்டு வேலை பார்ப்பது போல இருந்தது.

அவர் அலாரம் அடித்தது. கையை நீட்டி அணைத்தவர், பக்கத்தில் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. இப்பதான் எந்திரிக்கப் போறேன்."

கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். எழுந்தாள், பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் எழுந்தாள். அவர் ஓடி வந்தார்.

"விடுங்க. தினமும் இப்படித்தான்."

சுவரோரமாகக் காலை இழுத்து இழுத்துப் போனாள். அவர் பின்னாலேயே வந்தார். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெகுநேரம் கழித்துத் திறந்தபோதும் அங்கேயே நின்றிருந்தார்.

"தினமுமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பயப்படுவீங்க."

"இப்ப மட்டும் என்னவாம்?" குரல் உடைந்து கோபமாக வந்தது. "ஒரே கட்டில்ல படுத்துட்டு, யாரோ மாதிரி என்கிட்ட மறைச்சிருக்க. நானும் ஊரெல்லாம் என் பொண்டாட்டி நல்லா நடக்கறான்னு சொல்லிட்டுத் திரியறேன்."

அவர்தான் காபி போட்டார். பாலைப் பொங்கவிட்டு, அடுப்பைத் துடைத்து, டம்ளரை அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு பயந்தான். அது போகாது," என்றார். "ஆனா அங்க நீயே சொல்லு. நான் வெளியில உட்கார்ந்துக்கறேன்."

"வெளியில எதுக்கு? உள்ள வாங்க. பேசாம மட்டும் இருங்க."

"பேசாமயா? அதுக்கு முதல்ல எனக்கில்ல ஆபரேஷன் பண்ணணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

காருக்குச் சொல்லிவிட்டதாகப் பாப்பா வந்து சொன்னாள். அது வருவதற்குள் சமையலறையில் கொஞ்சம் நடந்து முட்டியைத் தளர்த்திவிடலாமா என்று பழக்கத்தில் தோன்றியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தவள், திரும்ப உட்கார்ந்தாள். இன்றைக்கு முட்டி இப்படியே டாக்டரிடம் போகட்டும்.