இடப்பக்கம் திரும்பினால் வரும் தண்ணீர்

“உங்க படகுக்குத் தாகம் ஜாஸ்தி காக்கா. விட்டா கடலையே குடிச்சிரும் போல.”

மெக்கானிக் அற்புதமணி இப்படிச் சொன்னதும் படகு யார்டில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் ‘காக்கா’ என்று அழைக்கும் படகுக்காரர் காஜா முஹ்யித்தீனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை பதினொரு மணிக்குப் படகைச் சோதிக்கத் துறைமுகத்திலிருந்து சர்வேயர் வருகிறார். ஏற்கெனவே இரண்டு தடவை, படகுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று திருப்பி அனுப்பியவர். மூன்றாவது தடவையும் நின்றால் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல், நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆளும் சாமானும் கொண்டு போக முடியாது. பிறகு மறுபடி சார்ஜாதான். மைத்துனன் அஃப்ஸல் அங்கே விசாவைக் கையில் வைத்துக்கொண்டு, “வாரீங்களா இல்லையா, நாளைக்குள்ள சொல்லுங்க மச்சான்” என்று நச்சரிக்கிறான். பத்தொன்பது வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்த மனிதருக்கு, மறுபடி அந்த விமானத்தில் ஏற மனமில்லை.

படகு ஸ்டெர்ன் டிரைவ் வகை. என்ஜின் உள்ளே இருக்கும். விசிறி மாட்டிய கால் வெளியே தொங்கும். நடுவே பின்பலகையில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள் கடல் நுழையாமல் காப்பது, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய். அற்புதமணி பின்பலகையில் கண்ட ஸ்குரூ எல்லாவற்றையும் சுற்றி மூன்று முறை சிலிக்கோன் பசை அப்பிவிட்டார். தண்ணீர் வருவது நிற்கவில்லை. கடைசியில்தான் காஜா, திரேஸ்புரத்தில், படகுக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின்களுக்குப் பட்டறை வைத்திருக்கும் விஜிலாவை அழைத்தார்.

அவள் வந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை.

“தண்ணி எப்பம் வருது காக்கா?”

“எப்பவும்தான்.”

“கட்டிக் கெடக்கும்போதா, ஓடும்போதா?”

காஜா யோசித்தார். “கட்டிக் கெடந்தா வரல.”

“நேரா ஓடும்போதா, திரும்பும்போதா?”

“அதை யாரு பாத்தா?”

“பாத்துருவோம்.”

படகின் உட்புறத்தைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைத்தாள். பிறகு பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து, பின்பலகை முழுக்கத் தட்டித் தூவினாள்.

“ஏளா விஜிலா, பவுடர் போட்டாச்சி. பொட்டு எப்பம் வைக்கப் போற?” என்றார் அற்புதமணி.

“ஒழுகுற எடத்துல வைப்பேன் அண்ணாச்சி.”

படகைக் கடலில் இறக்கினார்கள். பத்து நிமிஷம் நேராக ஓட்டியும் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. வலப்பக்கம் திருப்பினார்கள், அப்போதும் ஒன்றுமில்லை. இடப்பக்கம் வளைத்ததுதான் தாமதம், ஓட்டையின் கீழ் விளிம்பிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கியது.

“நிறுத்துங்க! இல்ல, நிறுத்தாதீங்க! அப்படியே வளைச்சிப் பிடிங்க!” என்று விஜிலா கத்தினாள். கோடு ஓடையாயிற்று. “மாதாவே, அகப்பட்டுக்கிட்டான்!”

கரைக்கு ஏற்றியதும் விசிறிக் காலை இடப்பக்கம் கடைசிவரை திருப்பச் சொன்னாள். அதன் வலப்புறத்து ரப்பர் மடிப்புகள் விரிந்தன. கட்டைவிரலால் ஒரு மடிப்பைப் பிளந்து காட்டினாள். உள்ளே, விரல் நீளத்துக்கு வெடிப்பு. நேராக இருக்கையில் மடிப்பு மூடி மறைத்திருந்தது.

“அது போன வருஷம் போட்ட புது ரப்பராச்சே?” என்றார் அற்புதமணி.

விஜிலா காஜாவைப் பார்த்தாள். “படகை நிறுத்துனா இந்தக் காலை என்ன செய்வீங்க?”

“தூக்கி வைப்பேன். எல்லாரும் அப்படித்தானே?”

“எல்லாரும் வச்சிருக்கது அவுட்போர்டு. அதைத் தூக்கலைன்னா மணல்ல இடிக்கும். இதைத் தூக்கியே வச்சா ரப்பரு ஒருபக்கம் இழுபட்டு, ஒருபக்கம் நசுங்கிக் கெடக்கும். மழைக்காலத்துல எத்தன மாசம் நிறுத்தி வச்சிருந்தீங்க?”

“மூணு...” என்றார் காஜா, குரல் இறங்கி. சுற்றி நின்றவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

“காலைக் கழத்திட்டு ரப்பரை மாத்தணும்.”

“நாளைக்கு சர்வே! கழத்துன காலு திரும்ப ஏறலைன்னா என்ன செய்வ?” என்றார் அற்புதமணி.

காஜா ஸ்பேனரை எடுத்து விஜிலாவிடம் நீட்டினார். “ஒழுகுற படகைக் கொண்டுபோயி என்ன செய்ய? கழத்தும்மா.”

துபாயில் வாங்கிய ரப்பர் இன்னொன்று வீட்டில் இருந்தது. போன் செய்ததும், காயல்பட்டினத்திலிருந்து மனைவி ருகையாவே ஸ்கூட்டியில் கொண்டு வந்துவிட்டாள். கொடுத்துவிட்டுப் போகாமல், ஓரமாக நின்று பார்த்தாள். விஜிலா பழைய பசையைத் துளிகூட விடாமல் சுரண்டினாள். உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கத் தேய்த்தாள். புது ரப்பரைப் பொருத்தி, கிளாம்பை முறுக்கி, கையால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடி போட்டாள்.

விசிறிக் காலை ஏற்றும்போது அதன் பல்வெட்டிய தண்டு என்ஜினுக்குள் போகாமல் முரண்டு பிடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. விஜிலாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அற்புதமணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

“பல்லுல பல்லு ஒக்காரல. கியரைப் போடு. நான் விசிறியை மெல்லத் திருப்புதேன், நீ தள்ளு.”

‘கிளுக்’ என்று உட்கார்ந்தது.

மறுநாள் சர்வேயர் நேராகத்தான் ஓட்டச் சொன்னார். காஜாவே கேட்டார்: “சார், இடப்பக்கம் முழுசா வளைக்கட்டா?” பதிலுக்குக் காத்திராமல் வளைத்தார். ஒரு வட்டம், ரெண்டு, ஏழு! படகு நுரையைக் கிழித்துக்கொண்டு சுழன்றது. நங்கூரமிட்ட கப்பலின் மேல்தட்டிலிருந்து எவனோ விசிலடித்தான்.

“போதும் பாய், போதும்! தலை சுத்துது!” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார் சர்வேயர். என்ஜின் மூடியைத் திறந்து அடிவரை கைவிட்டுத் துழாவினார். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். காய்ந்த விரல்கள். அங்கேயே தொடையில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

படகுத்துறையில் விஜிலாவைத் தோளில் தூக்காத குறைதான். எல்லாரையும்விடப் பெரிய சத்தம் போட்டவர் அற்புதமணி. காஜா வீட்டுக்குப் போன் போட்டார்.

“ருகையா, பாஸாயிட்டு! ஒந்தம்பிக்கு நீயே சொல்லிரு, நான் வரலைன்னு.”

“சொல்லியாச்சி.”

“எப்பம்?”

“நேத்து சாயங்காலமே. அந்தப் பொம்பள கிளாம்பை அவுத்து ரெண்டாவது தடவை போட்டா பாருங்க, அப்பவே!”