லேபுக்குப் போகாத சதை

வெட்டியெடுத்த சதையை நோயாளியின் வீட்டாரிடமே கொடுத்தனுப்புவது நம்மூர்ச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வழக்கம். கெடாமலிருக்க மருந்துத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு, லேபில் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். கொடுத்தார்களா என்று யாரும் பின்னாலேயே வந்து பார்ப்பதில்லை. யமுனாவின் முன்கையில் முளைத்த சிவந்த கட்டியை ஸ்ரீரங்கத்தில் அகற்றியபோது, டப்பாவை வாங்கிக்கொண்டவர் அவள் கணவர் முருகானந்தம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடத் தொலைக்காத மனிதர்.

தில்லைநகர் லேபில் பார்த்துவிட்டார்கள், வெறும் கொழுப்புக் கட்டிதானாம் என்று சில நாள் கழித்து வந்து சொன்னார். யமுனா கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். தையல் பிரிக்கக்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை; நர்சிங் படித்த மகள் பானுப்ரியா வீட்டிலேயே பிரித்துவிட்டாள். அடுத்த வாரம் மகளை ஜெர்மனி வேலைக்கு விமானம் ஏற்றிவிட்டு, ஏர்போர்ட் வாசலில் யமுனா வாயெல்லாம் பல்லாக நின்றாள். அழுகையை வீட்டுக்கு வந்து வைத்துக்கொண்டாள்.

சில மாதத்தில் தழும்பின் மேலேயே கட்டி திரும்ப வந்தது. வலி இல்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் பெருத்தது. கணவர் ஷிப்டுக்குப் போனதும் தனியாகவே ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினாள். டாக்டர் கட்டியைப் பார்த்தார். அக்குளில் விரல் வைத்து அழுத்தினார். அங்கேயும் ஒன்று உருண்டது. ரிப்போர்ட் என்ன சொன்னது என்று கேட்டார். கொழுப்புக் கட்டி என்றாள். அவர் நம்பவில்லை. இது அபூர்வமான, வேகமாகப் பரவுகிற தோல் புற்றுநோயாக இருக்கலாம் என்று அன்றைக்கே உங்கள் கணவரிடம் சொன்னேனே என்றார். சதையை மெழுகில் பதித்து லேபில் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதை மெல்லிசாகச் சீவி சிறப்புச் சாயம் ஏற்றினால் எந்த வகை என்று தெரிந்துவிடும், போய் வாங்கி வாருங்கள் என்றார்.

லேபில் பஸீலா என்ற பெண் கம்ப்யூட்டரில் தேடினாள். உள்ளே போய் மெழுகுக் கட்டிகள் அடுக்கிய டிராயர்களிலும் தேடினாள். அந்தப் பெயரில் எதுவும் வரவே இல்லை என்று இரண்டாம் முறை சொல்லும்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த முருகானந்தம் மழுப்பவில்லை. டப்பாவைக் காவிரிப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டுவிட்டாராம்.

"பாப்பா நல்லபடியா போய்ச் சேரட்டும்னுதான். ஒனக்கு இப்படின்னு தெரிஞ்சா அவ கெளம்புவாளா, சொல்லு" என்றார்.

இத்தனை வருஷம் சோறு போட்ட கையை ஆற்றில் விட்டுவிட்டு, அதற்கு ஒரு நியாயமும் தயாராக வைத்திருந்தார் மனிதர். யமுனாவுக்கு அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்காகச் செய்தார் என்ற ஒன்று அவளைக் கொஞ்சம் தணித்தது. தானாக இருந்தாலும் மறைத்திருப்போமோ என்றுகூட நினைத்தாள், பைத்தியக்காரி.

மகளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வீடியோ காலில் கூப்பிட்டாள். டாக்டரைப் பற்றியோ லேபைப் பற்றியோ மூச்சு விடவில்லை. கையில் அந்தக் கட்டி மறுபடி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பானுப்ரியாவின் முகம் வெளுத்தது. "அக்குள்ல ஏதாவது தட்டுப்படுதாம்மா?"

கொழுப்புக் கட்டிக்கு யாரும் அக்குளைக் கேட்க மாட்டார்கள். யமுனா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஒனக்கும் தெரியுமா பாப்பா?"

பானுப்ரியா திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னத எங்கிட்ட சொல்லிட்டு அப்பா லேபுக்குத்தாம்மா கெளம்புனாரு. ரிசல்ட் வந்தா என்னால கெளம்ப முடியாதேன்னு நான்தான் போன் பண்ணி வேண்டாம்னேன்."

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோதுகூட யமுனாவுக்கு இப்படி வலிக்கவில்லை. போனைக் கணவரின் கையில் வைத்தாள்.

"பேசுங்க. எனக்குத் தெரியாம எல்லாத்தையும் பேசி முடிச்ச ரெண்டு பேருதானே" என்றவள், நாளைக்கு மறுபடி சதையெடுக்கத் தனியாகப் போவதற்குத் துணிமணிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.