ஒரு வினைச்சொல்லின் திருத்தம்

அன்று பிற்பகல் அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அம்மா சன்னலோரக் கட்டிலில், தலையணையில் சாய்ந்தபடி. படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்ட வந்த கம்பவுண்டர் கால்மாட்டில், முக்காலியில். இளைய மகன் மேசைக்கு முன்னால். அவர் மனைவி, அம்மாவின் மருமகள், வாசற்படியில், துணி மடித்துக்கொண்டு. மூத்த மகனின் நாற்காலியில் அம்மாவின் நடுக்கம் உட்கார்ந்திருந்தது.

அது அங்கே குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் அம்மாவின் வலது கையில் இருந்தது. ஒரு சண்டையில் ஆளை அடித்துவிட்டு மூத்தவர் சிறைக்குப் போன வாரம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது, கை ஆடத் தொடங்கியது. அவர் விடுதலையாகும் மாதம் நெருங்கியபோது இளையவர் கடிதம் எழுத உட்கார்ந்தார். குடிநீர் அலுவலகத்தில் கடிதப் பிரிவில் வேலை. கண்ணால் காணாததை எழுத மாட்டார். அண்ணனுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு அம்மா கையைத் தூக்கி நீட்டிக் காட்டினார். “உன்னைப் பார்ப்பதை நினைத்தால் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது” என்று எழுதி, நகல் வைத்துக்கொண்டு அனுப்பினார். கடிதம் தபால் பெட்டிக்குள் விழுந்த நிமிடம் அம்மாவின் கை அசைவற்றுப் போனது, நாற்காலி கடகடவென்று ஆடத் தொடங்கியது. மூத்தவர் வரவில்லை. முதல் மாதம் வீட்டில் பயந்தார்கள். பிறகு நாற்காலிக் கால்களில் பழந்துணி சுற்றினார்கள், சத்தம் குறைந்தது. நன்றாகக் குலுக்க வேண்டிய மருந்துப் புட்டிகளைக் கம்பவுண்டர் வந்ததும் அதன்மேல் வைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அதில்தான் தூங்கியது.

அன்று காலைத் தபாலில் அந்தப் பழைய கடிதம் திரும்பி வந்திருந்தது, மடிப்புகளில் கிழிந்து. அந்த வரியின் கீழே பென்சிலில் கோடு. பக்கத்தில், “அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லு. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.” உறையின் பின்புறம் ஒரு லாரிப் பட்டறையின் முகவரி.

இளையவர் நகலை எடுத்து ஒப்பிட்டார். “ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே. கை நடுங்கிச்சு, நடுங்குதுன்னு எழுதினேன்.”

“குளிருக்கு நடுங்கும், பயத்துக்கு நடுங்கும்,” என்றார் கம்பவுண்டர். “காய்ச்சல்னா வெடவெடக்கும். ஆபீசரைப் பார்த்தா உங்களுக்கு உதறல் எடுக்கும். எல்லாம் ஒண்ணா சார்?”

மருமகள் துணியைக் கீழே வைத்தாள். “பயந்தவங்க கையை உள்ள இழுத்துக்குவாங்க. அத்தை நீட்டினாங்க. புள்ளையைப் பார்க்கத் துடிச்சாங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“என்னை யாரு கேட்டா? கார்பன் பேப்பர் எங்கேன்னுதானே கேட்டீங்க.”

நாற்காலி நின்றது. கம்பவுண்டர் தம் புட்டியை எடுத்துக்கொண்டார். கட்டிலில் அம்மாவின் வலது கை எழுந்து, வாசல் பக்கமாக நீண்டு, துடித்தது.

இளையவர் புதுத்தாள் எடுத்தார். “அண்ணா, அன்று நான் எழுதியது தவறு. உன்னைப் பார்க்க அம்மா துடிக்கிறார். உடனே புறப்பட்டு வா.” வாசித்துக் காட்டியபோது அம்மா சைகையால் தாளைக் கேட்டார். அந்த வரியின்மேல் விரல்களை வைத்தார், எடுக்கவில்லை. எழுந்து வந்து நாடி பிடித்த கம்பவுண்டர் சற்று நேரம் கழித்துக் கையை விட்டார். மணி மூன்றேகால்.

மருமகள் அத்தையின் கண்களை மூடிவிட்டுத் திரும்பியபோது இளையவர் மறுபடி மேசைக்கு முன்னால் இருந்தார். இறந்தவருக்கு நிகழ்காலம் பிழை. ‘துடித்தார்’ என்று திருத்த வேண்டும். பேனாவை அந்தச் சொல்லின்மேல் வைக்கப் போனார், முடியவில்லை. தாள் துடித்துக்கொண்டிருந்தது. இடது கையால் அழுத்தினார், அழுதுகொண்டே முழங்கையால் அழுத்தினார், நிற்கவில்லை. சொல்லை அப்படியே விட்டார். அதன் கீழே, “அம்மா இன்று மூன்றேகால் மணிக்குக் காலமானார்” என்று கோணல்மாணலாக எழுதி, மடித்து, உறையை ஒட்டினார்.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவருக்கு இரண்டு முறை குறி தவறியது.

“உள்ள என்ன சார், உசுரோட ஏதாச்சும்?”

“கடிதம்தாங்க.”

“அப்போ அந்தப் பக்கம் பிடிச்சுக்குங்க.”

இளையவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முத்திரை சரியாக விழுந்தது. கடிதம் ஐந்து மணி வண்டியில் போனது.