சரி, அனுப்பு

டெல்பர்ட் பீச் பழக் கேக் வாங்கி வந்திருந்தான். அதைப் பார்த்ததுமே வெர்னாவுக்குச் சந்தேகம் வந்தது.

பதினோரு வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரவுப் பணி பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிஸ்கட்டைக்கூட முழுசாக நீட்டியவன் இல்லை அவன். அப்படிப்பட்டவன் பால்டிமோர் கடையில் வரிசையில் நின்று இரண்டு துண்டு வாங்கி, பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளுகிறான் என்றால் சும்மாவா?

"சாப்பிடு மகாராணி."

"மொதல்ல நீ சாப்பிடு."

"ஏன், விஷம் வெச்சிருக்கேன்னு நெனச்சியா?" என்று சிரித்துக்கொண்டே அவன் தன் துண்டைக் கடித்தான். வெர்னா சிரிக்கவில்லை. அவன் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரவு ஆரம்பித்தது. பூமியைச் சுற்றிவரும் தொலைநோக்கிக்குக் கட்டளை அனுப்புவதுதான் இவர்கள் வேலை. ஒருவர் கட்டளையின் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் அதைத் தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சரி, அனுப்பு" என்று சொன்ன பிறகுதான் பொத்தானைத் தொடவேண்டும். ஞாயிறு இரவு டெல்பர்ட் தவறான கட்டளையை அனுப்பிவிட்டான். தொலைநோக்கி மிரண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லா வேலையையும் நிறுத்திவிட்டது. அதைத் தாஜா பண்ணிப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை நாள் ஆனது. யாரோ ஒரு விஞ்ஞானி மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய நேரம் பாழாய்ப் போனது.

மறுநாளே டெல்பர்ட் மேலாளர் ரென்னரிடம் போய், "வெர்னா பாக்குறதுக்குள்ள நானே அவசரப்பட்டு அழுத்திட்டேன். என் தப்புதான்" என்று சொல்லிவிட்டான்.

இதுதான் வெர்னாவுக்கு உதைத்தது. யாராவது இப்படி வலியப்போய்த் தலையைக் கொடுப்பார்களா? அவள் "சரி" என்று சொல்லவில்லை, அது அவளுக்கு நிச்சயம். அவள் பாட்டுக்கு நண்டு சூப் டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் நாளைக் காலை விசாரணையில் உட்கார்ந்ததும் இவன் பல்டி அடித்து, "அவ சரின்னு சொன்னா சார்" என்று கை காட்டினால்? போன வருடமே அவள் பெயரில் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கிறது. இரண்டாவது விழுந்தால் உரிமம் போய்விடும், நாற்காலியும் போய்விடும். ஐம்பத்தாறு வயதில் வேறு எவன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பான்?

இந்த அறையில் பேசுவதெல்லாம் டேப்பில் பதிவாகும். மெல்ல ஆழம் பார்த்தாள்.

"நாளைக்கு டேப் போட்டுக் கேப்பாங்கல்ல?"

டெல்பர்ட்டின் வாயில் இருந்த கேக் ஒரு நொடி நின்றது. "டேப் எதுக்கு? அதான் நான் ஒத்துக்கிட்டேனே. அதெல்லாம் தோண்டாதே, விடு."

"தோண்டினா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. நீ காப்பி குடிக்கிறியா? நான் போய் எடுத்துட்டு வரேன்." அவள் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டான்.

காப்பியும் கொண்டுவருகிறானாம்! வெர்னாவின் சந்தேகம் அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. டேப்பில் ஏதோ இருக்கிறது, இவன் அதற்குப் பயப்படுகிறான். தொலைநோக்கியோடு அடுத்த தொடர்புக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. விறுவிறுவென்று ரென்னருக்கு ஒரு கடிதம் தட்டினாள். டெல்பர்ட் ஷிஃப்லெட் என்னைக் கேட்காமல் கட்டளையை அனுப்பினார், அவர் நடத்தை மூன்று நாளாகச் சரியில்லை, நாளை பேச்சை மாற்றக்கூடும், ஆகவே ஒலிப்பதிவைக் கேட்டே தீரவேண்டும். எழுத்துப்பிழை கூடப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

ரென்னருக்கும் அன்று தூக்கம் இல்லை போலிருக்கிறது. நான்கே நிமிடத்தில் பதில் வந்தது. "மிஸஸ் ப்ரூயிட், டெல்பர்ட் ஒப்புக்கொண்டதால் ஒலிப்பதிவைத் தொடாமலேயே காலை எட்டு மணிக்குக் கோப்பை மூடுவதாக இருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டதால் குழுவோடு உட்கார்ந்து கேட்போம். உங்களுக்கும் அதை இப்போதே திறந்துவிட்டிருக்கிறேன்."

வெர்னா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஞாயிறு இரவைத் தேடிப் பிடித்தாள்.

முதலில் டெல்பர்ட்டின் குரல். "நாலு ஏழு ஒண்ணு ரெண்டு. வெர்னா, கொஞ்சம் தாளைப் பாரு. எனக்கென்னமோ இடிக்குது."

ஒரு டப்பா மூடி கழன்று மேசையில் உருளும் சத்தம். அப்புறம் அவளுடைய குரல். "சரி, அனுப்பு."

"பாத்தியா?"

"பாத்துட்டேன்னு சொல்றேன்ல. சூப் ஆறுது, அனுப்புப்பா."

திரும்பவும் ஓட்டிக் கேட்டாள். அதே குரல், அதே எரிச்சல். பதினோரு வருடமாக ராத்திரிக்கு இருபது முறை சொல்லிச் சொல்லி, சொன்னது மனசில் நிற்காத அளவுக்கு அந்த இரண்டு வார்த்தையும் நாக்கில் ஊறிப்போயிருந்தன. அவமானத்தில் முகம் கொதித்தது.

டெல்பர்ட் இரண்டு காப்பியோடு உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"கேக்க வேணாம்னு சொன்னேன்ல."

"ஏன் டெல்பர்ட் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியுமா? எனக்கு இது மொதப் புள்ளி. ரெண்டு வாரம் பயிற்சின்னு உக்கார வெப்பாங்க, அவ்வளவுதான். உனக்கு அப்படியா? எட்டு மணிக்கு ஒரு கையெழுத்துப் போட்டா தீந்துச்சு. மூஞ்சைத் துடை. டேப்பை யாரும் தொடப் போறதில்ல."

வெர்னா கடிதம் இருந்த திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் காப்பியைக் கீழே வைக்காமலேயே படித்தான். கடிதத்தைப் படித்தான், பதிலையும் படித்தான், பிறகு கடிதத்தின் முதல் வரிக்குத் திரும்பிப் போனான்.

"பொய் சொன்னதுக்கு இனி எனக்குத் தனியா இன்னொரு புள்ளி விழும்" என்றான்.

"நான் காலையிலயே அவருகிட்ட பேசறேன். எல்லாம் என் தப்புன்னு..."

"பதினோரு வருஷம், வெர்னா. காப்பி எடுக்கத்தானே போனேன். வந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் அழுதாள். அவன் தேற்றவில்லை. இரண்டு கோப்பையையும் ஓரமாக வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தான். தொடர்பு கிடைத்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது.

"எட்டு சைபர் மூணு ஒண்ணு" என்று திரையைப் பார்த்தபடியே படித்தான் டெல்பர்ட். "நீங்க பாத்துச் சொல்லுங்க, மிஸஸ் ப்ரூயிட்."